நாத்தனார் கொண்டுவந்த ட்ரைலோபைட்

மதிய இடைவேளையில் பல் டாக்டரின் நாற்காலியில் படுத்திருக்கும் நோயாளிக்கு வயது ஏறக்குறைய நாற்பது கோடி இருக்கும். விளக்கைத் தாழ்த்தி, பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, பல்லில் காரை சுரண்டும் அதே கருவியால் டாக்டர் அதைச் சுற்றியிருக்கும் கல்லை மாவு மாவாக உதிர்ப்பாள். நோயாளி முனகாது, நடுவில் கொப்பளிக்கணும் என்று எழுந்திருக்காது.

"இவ்வளவு சமத்தா என்கிட்ட வேற யாரும் படுத்ததில்ல" என்பாள், சாப்பாட்டுப் பையோடு மாடியேறி வரும் கணவனிடம். அவன் கீழே மருந்துக்கடை வைத்திருந்தான்.

"இவ்வளவு கமுக்கமா காசு கொடுக்காம போறவங்களும் வேற யாரும் இல்ல" என்பான் அவன்.

ட்ரைலோபைட் என்பது மீனுக்கு முன்பே கடலுக்கு வந்து, டைனோசருக்கு முன்பே கிளம்பிப் போய்விட்ட ஒரு ஜந்து. உடல் நெடுக மூன்று மடல்களாகப் பிரிந்திருப்பதால் அந்தப் பெயர். முன்னால் தலைக்கவசம், நடுவில் பட்டை பட்டையாக உடம்பு, கடைசியில் வால்தட்டு. உள்ளதைச் சொன்னால், கவசம் மாட்டிக்கொண்டு சண்டைக்குப் புறப்பட்ட கரப்பான்பூச்சி போல இருக்கும். பல் மருத்துவர்கள் மாநாடு ஒன்றுக்குப் போனபோது, மழைக்கு ஒதுங்கிய கல் கடையில் கட்டைவிரல் அளவில் ஒன்றைப் பார்த்தாள் டாக்டர். அதன் கண்ணில் குட்டிக் குட்டி லென்ஸ்கள் வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தன. முப்பத்திரண்டு பல்லும் நேராக நிற்கும் ஒரு வாயைக்கூட அதுவரை பார்த்திராத அவளுக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போனது.

அன்றிலிருந்து சேகரிப்புதான். கருவி அலமாரியின் மேல் இழுப்பறைகளில் குறடுகள், கீழ் இழுப்பறைகளில் ட்ரைலோபைட்டுகள். பல்செட் வைக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களில் பஞ்சு விரித்து ஒவ்வொன்றையும் படுக்க வைத்திருந்தாள். ஒரு முறை டப்பா மாறி, பல்செட் வாங்க வந்த ஓய்வுபெற்ற நீதிபதியின் கைக்கு ஒன்று போய்விட்டது. அவர் மூடியைத் திறந்து பார்த்தார். நிதானமாக மூடினார். "இது மேல் வரிசையா, கீழ் வரிசையா?" என்று கேட்டார்.

வாங்குவதும் சுத்தம் செய்வதும் பாதி வேலைதான். பெயர் கண்டுபிடிப்பதில்தான் உயிர் போகும். உடம்பில் எத்தனை பட்டை, கன்னத்துக் கோடு எந்த மூலையில் போய் முடிகிறது, வாலில் முள் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கிடைப்பதில் பெரும்பாலானவை அது வளரும்போது கழற்றிப் போட்ட சட்டைகள்; கன்னங்கள் உதிர்ந்து போயிருக்கும். ஒரு பெயரை ஒரு வாரம் வைத்திருப்பாள், அடுத்த வாரம் அடித்துவிட்டு வேறு எழுதுவாள். "பூச்சிக்குப் பேர் வைக்க இவ்வளவு யோசிக்கிற, நம்ம பையனுக்கு அரை நாள்ல வெச்சுட்ட" என்று கணவன் சொல்லிக் காட்டுவான்.

குடும்பத்தில் எல்லாருக்கும் அது பூச்சிதான். சிரிக்காத ஒரே ஆள் நாத்தனார்.

கணவனின் அக்காவான அவர் பெண்கள் கைப்பந்து அணிக்குக் கோச். வீட்டிலும் எல்லாருக்கும் கோச்தான், தம்பி மட்டும் அக்கா என்பான், டாக்டர் அண்ணி என்பாள். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவளுக்குப் பேசிப் பழகிய குரல். முதல் முறை இழுப்பறையைத் திறந்து காட்டியபோது மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். கோச் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, "இவன் பேர் என்ன, இவன் எங்க ஊர்ந்தான், இவனுக்கு ஏன் கண்ணு இல்ல" என்று கேட்டார். பெயர்கள் அவர் வாயில் சின்னாபின்னமாயின. ஆனால் கேட்டார். டாக்டர் அதை மறக்கவில்லை.

அதனால்தான், வெளிநாட்டுப் போட்டி ஒன்று முடிந்து கோச் நேராக விமான நிலையத்திலிருந்து வந்து, ஸ்வெட்டரில் சுற்றிய பெரிய பொட்டலத்தைக் கூடத்து மேஜையில் வைத்துப் பிரித்தபோது, டாக்டர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய ட்ரைலோபைட். கரும்பழுப்புக் கல்லின் மேல் அப்படியே எழுந்து நடக்கப் போவது போல நின்றது. உடம்பெல்லாம் முள். தலையில் மூன்று முனை கொண்ட சூலம் வேறு.

"பொண்ணுங்க ஆளுக்குக் கொஞ்ச தூரம் மடியில வெச்சுக் கொண்டு வந்தாங்க" என்றார் கோச். "ஏர்போர்ட்ல ஒருத்தன் மெஷின்ல பார்த்துட்டு, பொட்டலத்துக்குள்ள நண்டு போகுதுங்கறான். நண்டு இல்லடா, உன் கொள்ளுத்தாத்தாவுக்கும் கொள்ளுத்தாத்தா, மரியாதையா பிடின்னேன். எப்படி இருக்கு?"

"அண்ணி, என்ன சொல்றதுன்னே தெரியல" என்றாள் டாக்டர். அது சத்தியமான வார்த்தை. ஏனென்றால் மேஜை விளக்கின் வெளிச்சத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்கள் இரண்டும் வழவழவென்று கொழுக்கட்டை போல இருந்தன. லென்ஸ் ஒன்றுகூட இல்லை. கல்லும் உடம்பும் ஒரே நிறம். முள்ளின் அடியில் ஊசி முனையளவு ஓட்டைகள், வார்க்கும்போது காற்றுக்குமிழி மாட்டிக்கொண்ட தடம்.

மறுநாள் மதியம் நாற்காலியில் படுக்க வைத்து, அடிப்பக்கத்தில் பல் ராவும் கருவியால் லேசாகத் தொட்டாள். குப்பென்று வாசனை வந்தது. இருபது வருஷமாக தினம் முகரும் வாசனை.

"என்ன, உண்மையா?" என்றான் கணவன்.

"பல்செட்டு" என்றாள் டாக்டர். "பிசினும் கல்தூளும் கலந்து வார்த்திருக்கான். நம்ம தொழில் சாமான்தான்."

"அக்காகிட்ட சொல்லிடு."

"நீங்க சொல்லுங்க."

அவன் கீழே கடைக்கு யாரோ வந்திருப்பதாகச் சொல்லி இறங்கிப் போய்விட்டான்.

கோச் அந்தக் கல்லைக் கூடத்து ஷோகேஸில், எல்லாருடைய கோப்பைகளையும் நகர்த்திவிட்டு, நடுநாயகமாக வைத்திருந்தார். வரும்போதெல்லாம் தன் கைக்குட்டையால் துடைப்பார். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டுவார். "கடைக்காரன் தர மாட்டேன்னான். நான் விடல. கடைசியில அவனே கண் கலங்கிட்டான்" என்பார். எதற்குக் கலங்கினான் என்று டாக்டருக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மாதங்கள் போயின. தள்ளிப்போட்ட பல்வலி போல விஷயம் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. நோயாளிகளை அதற்காகத் திட்டுகிறவள் அவள்.

டாக்டர் உறுப்பினராக இருந்த புதைபடிவச் சங்கம் நூலகத்தின் பின்னறையில் கூடும். வருஷத்துக்கு ஒரு முறை கண்காட்சி வைப்பார்கள். அந்தச் செய்தியைக் கணவன் சும்மா பேச்சுவாக்கில் அக்காவிடம் சொல்லித் தொலைத்தான்.

"கண்காட்சியா? அப்போ நம்ம பெருசைத்தான் முதல்ல வெக்கணும்" என்றார் கோச். "நான் டீமையே கூட்டிட்டு வரேன்."

அவர் போனதும் டாக்டர் கணவனைப் பார்த்தாள். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"ஒண்ணு பண்ணலாம்" என்றான் அவன். "கை தவறிக் கீழே விழுந்து உடைஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம்."

"உடையலையே."

"உடைச்சிட்டா?"

மருந்துக்கடையின் பின்கட்டில் சிமென்ட் தரை. டாக்டருக்கு மனசு கேட்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கணவன் இடுப்பளவு உயரத்திலிருந்து விட்டான். டொப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ட்ரைலோபைட் ஒரு துள்ளு துள்ளி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. முள் ஒன்று வளைந்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக நேரானது.

"கல்லா இருந்திருந்தா உடைஞ்சிருக்கும்" என்றான் கணவன் குறையாக.

"நல்ல பிசின்" என்றாள் டாக்டர், தன்னையறியாமல். "எங்க வாங்கறாங்களோ."

அவன் ஸ்டூல் மேல் ஏறினான். இந்த முறை தலைக்கு மேலே தூக்கி, பழி தீர்ப்பது போல விட்டான். ஸ்டூல் ஆடியது, கல் நேராக விழவில்லை. விழுந்த இடத்தில் அவன் வலது கால் கட்டைவிரலும் இருந்தது, எப்படியென்றால் அவனும் அதே சமயத்தில் இறங்கிவிட்டிருந்தான்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும், செய்தி கேட்டு கோச் ஓடி வந்தார். தம்பி காலை நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்னடா ஆச்சு?"

"அந்தக் கல்லைத் துடைக்க எடுத்தேன்க்கா, கை வழுக்கிடுச்சு."

"கல்லுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அது நல்லா இருக்கு" என்றான் தம்பி, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

இனி ஒரே வழிதான் இருந்தது. சங்கத்துக்கு ஒரு பெரியவர் உண்டு, நிலவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் எப்போதும் லென்ஸ் தொங்கும். லென்ஸ் சார் என்றுதான் பெயர். கண்காட்சியில் ஒவ்வொரு பொருளுக்கும் சீட்டு எழுதி வைக்க வேண்டும், அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விஷயத்தில் அவர் பிடித்தால் பிடித்ததுதான். அதிர்ஷ்டவசமாக அவருக்குக் கடைவாய்ப் பல்லுக்கு மாட்டியிருந்த தொப்பி கழன்றுவிட்டது.

அவர் நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டர் அச்சு எடுக்கும் பசையைக் குழைத்து, வாய் நிறைய வைத்து, அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு காலால் தள்ளுவண்டியை அவர் பார்வைக்கு நேரே நகர்த்தினாள். அதன் மேல் பெரிசு உட்கார்ந்திருந்தது.

லென்ஸ் சாரின் கண்கள் விரிந்தன. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கை கழுத்து லென்ஸைத் தேடியது.

"தெரியும் சார், போலிதான்" என்றாள் டாக்டர். "அசையாதீங்க, அச்சு கோணிடும். என் நாத்தனார் ஆசையா வாங்கிட்டு வந்தது. கண்காட்சியில வெச்சே ஆகணும்னு நிக்கறாங்க. நீங்க அன்னைக்கு எதுவும் சொல்லிடக் கூடாது. சீட்டுல ஏதாவது ஒரு பேர் போட்டு கையெழுத்து மட்டும். சரியா சார்? சரின்னா கையைத் தூக்குங்க."

லென்ஸ் சார் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார்.

"சரின்னு எடுத்துக்கறேன்" என்றாள் டாக்டர்.

பசை இறுகியதும் எடுத்தாள். அவர் கொப்பளித்தார், துப்பினார், வாயைத் துடைத்தார், லென்ஸைத் தேடிப் பிடித்து நேராக்கிக்கொண்டார்.

"வாயை அடைச்சு வாங்கின வாக்கு செல்லாதும்மா" என்றார்.

"சார், அவங்க மனசு உடைஞ்சிடும்."

"பொய் எழுத மாட்டேன். ஆனா உண்மையில எவ்வளவு கொஞ்சமா வேணும்னாலும் எழுதலாம். அதுக்குத் தடையில்ல."

இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். 'ட்ரைலோபைட், பெரியது, முட்களுடன், நாத்தனார் அன்பளிப்பு' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாள். லென்ஸ் சார் முதல் வார்த்தையை அடித்தார். யோசித்து 'முட்களுடன்' என்பதையும் அடித்தார். பிசினில் செய்தால் அது முள்ளா என்பது அவருக்குச் சந்தேகம். மிச்சம் இருந்ததற்குக் கீழே திருத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.

கண்காட்சி அன்று கோச், சொன்னபடியே, ட்ராக் சூட் போட்ட மொத்த அணியோடு வந்தார். நூலகத்தின் பின்னறை உயரமான பெண்களால் நிறைந்தது. டாக்டரின் மேஜையில் அவளுடைய நிஜ ட்ரைலோபைட்டுகள் வரிசையாக இருந்தன: சுருண்டு பந்தாகிப்போனது ஒன்று, ஒற்றைக் கன்னம் ஒன்று, கண்ணே இல்லாத ஆழ்கடல்காரன் ஒன்று. ஒவ்வொன்றின் சீட்டிலும் இரண்டு வரிக்கு நீளும் பெயர். நடுவில் பெரிசு. கோச் குனிந்து வாசித்தார்.

"பெரியது. நாத்தனார் அன்பளிப்பு." நிமிர்ந்தார். "அது சரி. பேர் எங்க?"

கணவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். லென்ஸ் சார் மேஜைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"இத்துணூண்டு இருக்கறவனுக்கெல்லாம் இவ்வளவு நீளம் பேர் இருக்கு. என்னோடவனுக்கு மட்டும் ஏன் இல்ல?"

"அண்ணி, கொஞ்சம் வெளியில வாங்க" என்றாள் டாக்டர்.

செருப்புகள் கிடந்த நடையில் நின்று சொன்னாள். கண்ணில் லென்ஸ் இல்லாதது, குமிழி, பல்செட் வாசனை, எல்லாவற்றையும். கால் கட்டைவிரல் விவகாரத்தையும் சொன்னாள். கோச் கடைசிவரை கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க ஸ்வெட்டரைப் பிரிச்சப்பவே."

"அப்போலேர்ந்து நான் துடைச்சுத் துடைச்சு வெக்கறதைப் பார்த்துட்டு இருந்திருக்கீங்க, புருஷனும் பொண்டாட்டியும்."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்."

"என் பொண்ணுங்க ஒரு தடவை இருபத்தஞ்சுக்கு நாலுன்னு தோத்தாங்க" என்றார் கோச். குரல் எழும்பவே இல்லை, அதுதான் டாக்டருக்குப் பயமாக இருந்தது. "பஸ்ஸுல ஏறினதும் அழுதாங்க. நானும் அழுதேன். ஆனா ஸ்கோரை மாத்தி யார்கிட்டயும் சொன்னதில்ல. என்னைப் போய் ஸ்கோர் தாங்காதவள்னு நினைச்சிட்டியே."

டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. "தப்புதான் அண்ணி" என்றாள்.

கோச் சுவரைப் பார்த்து மூச்சு விட்டார். கைக்குட்டையை எடுத்தார், அது கல்லைத் துடைக்கும் கைக்குட்டை. அவள் கையில் கொடுத்தார்.

"சரி, வா" என்றார். "எங்கெங்க தப்புன்னு காட்டு."

உள்ளே போய் லென்ஸ் சாரின் கழுத்திலிருந்து லென்ஸைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார். டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினாள். நிஜக் கல் என்றால் உடைத்துத்தான் உள்ளிருப்பதை எடுக்க முடியும், அப்புறம் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுவார்கள், அதனால் ஒட்டிய கோடு கல்லிலும் உடம்பிலும் சேர்ந்தே ஓடும், இதில் கோடே இல்லை என்றாள். கோச் குமிழிகளைத் தேடிப் பிடித்தார். தேடத் தேட அவர் முகத்தில் வருத்தம் போய் வேறு ஏதோ வந்தது.

"ஆனா ஒண்ணு" என்றார். "இத்தனை முள்ளையும் ஒருத்தன் உக்காந்து செஞ்சிருக்கான். சோம்பேறி இல்ல."

பிறகு சீட்டை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'போலி' என்று எழுதினார். லென்ஸ் சாரிடம் நீட்டினார். அவர் வாழ்நாளில் எதிலும் இவ்வளவு சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

அதற்கப்புறம் அந்த அறையில் வேறு மேஜைகள் இருந்ததாகவே யாருக்கும் தோன்றவில்லை. கோச் பெரிசின் பக்கத்தில் நின்று, மைதானக் குரலில், "வாங்க, இவன்கிட்ட அஞ்சு தப்பு இருக்கு, யார் கண்டுபிடிக்கறீங்க பார்ப்போம்" என்று கூப்பிட்டார். நூலகத்துக்குப் பத்திரிகை படிக்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்து, வரிசையில் நின்றார்கள். அணியின் பெண்கள் லென்ஸை முறை வைத்துக் கொடுத்து வாங்கினார்கள். பெயருக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட டாக்டரின் நிஜ ட்ரைலோபைட்டுகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு அம்மா மட்டும் வந்தார். பந்தாகச் சுருண்டதைக் காட்டி, "இது பட்டனா?" என்று கேட்டுவிட்டு, போலி வரிசைக்குப் போய்விட்டார்.

"பொறாமையா இருக்கா?" என்றான் கணவன் நொண்டிக்கொண்டே வந்து.

"இல்ல" என்றாள் டாக்டர். "கொஞ்சம்."

அடுத்த போட்டிக்கு வெளிநாடு போனபோது கோச் அங்கிருந்து போன் செய்தார். தெருவோரக் கடையில் நின்றுகொண்டிருப்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"போலியா பார்த்து வாங்கணும்னு சொல்றேன், கடைக்காரனுக்குக் கோவம் வருது" என்றார். "எங்க கடையில போலியே இல்லைங்கறான். நான் லென்ஸை எடுத்துக் குமிழியைக் காட்டினேன். இப்போ அவனே உள்ளேர்ந்து நல்ல போலியா எடுத்து வெக்கறான். டாக்டர், உனக்கு முள்ளு வெச்சது வேணுமா, கொம்பு வெச்சது வேணுமா?"

"உங்க சேகரிப்பு அண்ணி. உங்க இஷ்டம்."

திரும்பி வந்ததும் மூன்றைக் கிளினிக் மேஜையில் பரப்பினார். மதிய நேரம், கணவனும் மாடியேறி வந்திருந்தான், கால் குணமாகியிருந்தது. முதலாவது கொம்பு வைத்தது. டாக்டர் கருவியால் தொட்டாள், பல்செட் வாசனை. கோச் திருப்தியாகத் தலையாட்டினார். இரண்டாவதும் அப்படியே, கூடவே ஷூ பாலிஷ் வாசனையும். மூன்றாவது சின்னது, அழுக்கு, ஒரு பக்கக் கன்னம் இல்லை. டாக்டர் தொட்டாள். வாசனை வரவில்லை. விளக்கைத் தாழ்த்தினாள். ஊசியால் கண்ணோரம் இருந்த மண்ணைச் சுரண்டினாள். மண் உதிர்ந்த இடத்தில் லென்ஸ்கள் வரிசையாக நின்றன.

அவள் நிமிராமலே இருந்தாள்.

"என்ன?" என்றார் கோச்.

"அண்ணி, இது நிஜம்."

கோச் லென்ஸை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குமிழி ஒன்றுகூட இல்லை.

"ராஸ்கல்" என்றார். "போலின்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தான். என்னை ஏமாத்திட்டான்."

கணவன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் போனான்.

"என் சேகரிப்புல இவனுக்கு இடமில்ல. நீயே வெச்சுக்க" என்று கோச் அதை டாக்டர் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு எழுந்து போகவும் இல்லை. நாற்காலியை இழுத்து விளக்குக்குக் கிட்டே போட்டுக்கொண்டார். "இவன் பேர் என்ன?"

"இனிமேதான் பார்க்கணும். முதல்ல பட்டை எண்ணணும்."

டாக்டர் எண்ணினாள், பதினொன்று வந்தது. கோச் எண்ணினார், பன்னிரண்டு வந்தது. கழுத்துப் பட்டையைச் சேர்த்து எண்ணக்கூடாது என்றாள் டாக்டர். அது ஏன் எண்ணக்கூடாது, அதுவும் பட்டைதானே என்று கேட்டார் கோச். கீழே கடையில் யாரோ மணியடித்தார்கள். கணவன் போகவில்லை, அவனும் குனிந்து எண்ண ஆரம்பித்தான்.